நின்ற தறி கடிக்காது

பரசுராமன் தறிக் கொட்டகையில் ஒரு பேச்சு உண்டு: நின்ற தறி கடிக்காது. ஓடுகிற தறிக்குத்தான் பயப்பட வேண்டும். புடவைத் தலைப்பு, தாலிக்கயிறு, தோளில் தொங்குகிற துண்டு எல்லாவற்றையும் இழுத்துச் செருகிக்கொண்டுதான் அதன் கிட்டே போக வேண்டும். நின்றுவிட்ட தறியோ கட்டிப்போட்ட மாடு. பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் ஓடிப்போய்க் கையை உள்ளே விட்டு, அறுந்த இழையைப் பிடித்து முடிச்சுப் போட்டுவிட வேண்டும். யாரையும் கேட்கத் தேவையில்லை. கேட்டுக்கொண்டு நிற்கிறவரைத்தான் முதலாளி முறைப்பார்.

இந்தப் பேச்சு வெகுகாலம் உண்மையாகத்தான் இருந்தது. அதைப் பொய்யாக்கியவள் மதிவதனி. கெட்ட எண்ணம் துளியும் கிடையாது, வேலையில் சோம்பலும் கிடையாது. ஆனாலும் அவள் கதையைச் சொல்ல வந்தால் அவள் அண்ணி பச்சையம்மாளின் வலது கையைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒன்றை விட்டு ஒன்றைச் சொல்ல வழியில்லை.

மதிவதனிக்குச் சொந்த ஊர் படவேடு போகிற பாதையில் ஒரு சின்ன ஊர். பஸ் வந்தால் வந்தது, வராவிட்டால் நடை. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் பாடுபட்டு, பாடுபட்ட களைப்பு தீரும் முன்னே ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். அண்ணன் அன்பரசுக்குச் செய்யாறு கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. கம்பெனி பஸ் ஆரணி வழியாகப் போகும் என்பதால் ஆரணியில் வாடகைக்கு வீடு பார்த்தான், கல்யாணமும் பண்ணிக்கொண்டான். அப்படி அந்த வீட்டுக்கு வந்தவள்தான் பச்சையம்மாள்.

வந்த புதிதில் ஒரு நாள் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பியவள், தன் சீர் மிக்ஸி கூடம் முழுக்கப் பரப்பிக் கிடப்பதைப் பார்த்தாள். நடுவில் ஸ்க்ரூ டிரைவரோடு பள்ளிக்கூட யூனிபார்மில் நாத்தனார். சத்தம் அதிகமாக வருகிறதே, உள்ளே என்ன என்று பார்க்கிறாளாம். பிரிக்கத் தெரிந்ததே ஒழிய மூடத் தெரியவில்லை. வேறொருத்தியாக இருந்தால் அன்றைக்கே வீடு ரெண்டுபட்டிருக்கும். பச்சையம்மாள் எல்லாவற்றையும் ஒரு கோணியில் அள்ளிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். வந்ததே ரிப்பேராகத்தான் வந்தது என்று புருஷனிடம் சொல்லிவிட்டு, அந்த மழைக்காலம் முழுக்க அம்மியில் சட்னி அரைத்தாள். மதிவதனி அதை மறக்கவே இல்லை.

நாத்தனார் காலேஜில் சேர்ந்தபோது அண்ணி பரசுராமன் கொட்டகைக்கு வேலைக்குப் போனாள். நாற்று நட்ட விரல்கள், களை பிடுங்கிய விரல்கள். பட்டு இழையில் என்ன செய்யும் என்று முதலில் கேலி பேசினார்கள். கொஞ்ச நாளில் பேச்சு மாறியது. பச்சையம்மாள் போட்ட முடிச்சைக் கண்ணாலும் பார்க்க முடியாது, தடவியும் கண்டுபிடிக்க முடியாது. ரெண்டு விரல் ஒருமுறை உரசும், இழை ஒன்றாகியிருக்கும். "இன்னா மாயம் பண்ற" என்று கேட்டால், "எங்க நாத்தனா மிக்ஸிய பிரிப்பா, நான் இழைய சேப்பேன், குடும்பத்துல ரெண்டும் வேணும்ல" என்பாள். கொட்டகையே சிரிக்கும். எங்கே இழை அறுந்தாலும் அவள் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அவளுக்கு அதில் பெருமை, மறைக்காத பெருமை.

மதிவதனி படித்து முடித்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் கோபிநாத்தின் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தாள். கோபிநாத் தறிக்குப் பெட்டி செய்கிறவர். தறிக்கு மேலே ஜக்கார்டு என்று ஒரு யந்திரம் இருக்கும், அதில் வரிசை வரிசையாகக் கொக்கிகள். எந்தக் கொக்கி எப்போது ஏறுகிறது என்பதை வைத்துத்தான் புடவையில் பூவும் பறவையும் விழும். அந்த ஏற்ற இறக்கத்தைச் சொல்கிற கம்ப்யூட்டர்தான் பெட்டி. வெளியூரிலிருந்து வருகிற பெட்டி ஆனை விலை. கோபிநாத் செய்தது மலிவு. அவருக்குக் கம்பி இணைக்கத் தெரியும், உள்ளே ஓடுகிற புரோகிராம் தெரியாது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்கிற கணக்கில், கம்பிகளைப் பற்றுவைக்கச் சேர்ந்த மதிவதனி சீக்கிரமே பெட்டியின் மூளையாகிவிட்டாள். ஆரணியில் அவள் பெயர் 'பெட்டி மேடம்' ஆயிற்று. பாதிப் பேருக்கு அவள் உண்மைப் பெயர் இன்றைக்கும் தெரியாது.

டிசைன் எழுதுவதற்கென்று அவள் ஒரு சின்ன மொழியையே உண்டாக்கினாள். அதைப் படித்து ஓட்டுகிற இன்டர்ப்ரெட்டரும் அவள் எழுதியதுதான். இன்டர்ப்ரெட்டர் என்ற சொல் கொட்டகைக்காரர்களின் வாயில் நுழையவில்லை. அதனால் துபாஷி என்று பெயர் வைத்தாள். டிசைன் போடுகிறவர் ஒரு பாஷையில் எழுதுவார்: இந்தக் கரை, இந்தக் கட்டம், இங்கே ஒரு அன்னம், அன்னத்துக்குச் சிவப்பில் கண். கொக்கிகளுக்கு அந்தப் பாஷை தெரியாது. அவற்றுக்குத் தெரிந்ததெல்லாம் ஏறு, இறங்கு. நடுவில் நின்றுகொண்டு ஒரு வரியைப் படிப்பது, படித்த கையோடு கொக்கிகளுக்குச் சொல்வது, அடுத்த வரிக்குப் போவது, இதுதான் துபாஷியின் வேலை. முழுக்கப் படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிற புத்தி அவனுக்குக் கிடையாது. அந்தந்த வரி, அந்தந்த நேரம்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பரசுராமன் தன் மகள் சுபலட்சுமியின் முகூர்த்தப் புடவையைச் சொந்தத் தறியில் ஏற்றுகிற வரை. முந்தியில் அன்னங்கள் வரிசையாக வர வேண்டும். வந்தன. ஆனால் எப்போதாவது ஒரு அன்னம் கண் இல்லாமல் வந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பட்டு. முதல் புடவையை வெட்டி எடுத்து வைத்துவிட்டு ரெண்டாவது ஓட்டினார்கள். அதிலும் ஒரு குருட்டு அன்னம். பரசுராமனின் மனைவி அந்தத் துணியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிட்டாள். குருட்டுப் பறவையைக் கட்டிக்கொண்டு பெண் மணையில் உட்காருவதாவது. பரசுராமன் கோபிநாத்துக்குப் போன் போட்டு வாய்க்கு வந்ததைப் பேசினார்.

மதிவதனி அந்த டிசைனைப் பட்டறைப் பெட்டியில் ஓட்டிப் பார்த்தாள். எல்லா அன்னத்துக்கும் கண் இருந்தது. மறுபடி ஓட்டினாள். இருந்தது. கொட்டகைக்கே போய்ப் பார்க்கலாம் என்று போனாள். கதவோரம் ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டார்கள், பேப்பர் கப்பில் டீ கொடுத்தார்கள். மற்றவர்கள் டம்ளரில்தான் குடித்தார்கள். அவள் அதைப் பார்த்தாள். அவள் இருந்தவரை ஒரு பறவைக்கும் கண் போகவில்லை. கிளம்பி வந்த மறுநாள் போயிற்று. பேஜார் பிடித்த பேயாக இருக்கிறதே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் துபாஷிக்கு ஒரு டீபக்கரை மாட்டுவது என்று முடிவு செய்தாள். டீபக்கர் என்றால் துபாஷியின் தோளைப் பிடித்து நிறுத்துகிற கை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வரி வந்ததும் நில். மடியில் என்ன வைத்திருக்கிறாய், எடுத்துக் காட்டு. சரி, இப்போது ஓரடி எடுத்து வை. இப்படி விசாரித்தால் தப்பு எந்த இடத்தில் என்று தெரிந்துவிடும். கொட்டகையில் வைஃபை இருந்தது. பட்டறையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தபடியே, ஊரின் அந்தக் கோடியில் ஓடுகிற தறியின் துபாஷியை அவளால் பிடித்து நிறுத்த முடிந்தது. முதல்முறை அது நின்றபோது அவளுக்குச் சிலிர்த்தது. துபாஷி நின்றான், கொக்கிகள் நின்றன, தறி நின்றது. அவள் விரல் அசைந்ததும் எல்லாம் நகர்ந்தன.

இதில் ஒரு கேள்வி உண்டு. தோளைப் பிடித்திருக்கிற கை திடீரென்று இல்லாமல் போனால், அதாவது நெட் அறுந்துபோனால், துபாஷி என்ன செய்ய வேண்டும்? அப்படியே நிற்க வேண்டுமா, தன் வழியே நடக்க வேண்டுமா? மதிவதனி முதலில் நிற்கட்டும் என்றுதான் எழுதினாள். ஒரு நாள் பட்டறையில் கரண்ட் போய்விட்டது. சாப்பாட்டு வேளைக்கு நின்ற தறி விளக்கு வைக்கிற வரைக்கும் நின்றது. கல்யாணப் புடவை, நாள் நெருங்குகிறது, தறி கல்லாட்டம் நிற்கிறது. பரசுராமன் இந்தமுறை போன் போடவில்லை, நேரிலேயே வந்தார். அவர் போன பின்னால் கோபிநாத் மதிவதனியின் மேஜைக்கு வந்து, லைன் போனால் தறி அது பாட்டுக்கு ஓடட்டும் என்றார். அவளுக்கு அது சரியாகப் படவில்லை. ஆனாலும் மாற்றினாள். ஒரே ஒரு வரி. கூடவே திரையில் ஒரு செய்தி வருகிற மாதிரி வைத்தாள்: இணைப்பு இல்லை, ஓட்டம் தொடர்கிறது.

ஏன் சரியாகப் படவில்லை என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. இழை அறுந்து தறி நின்றால் சிவப்பு விளக்கு எரியும். யாராவது வந்து பச்சைப் பொத்தானை அழுத்துகிற வரை அது அசையாது. அதுதான் நிஜமாக நிற்பது. டீபக்கர் பிடித்து நிறுத்தினால் விளக்கு எரியாது, பொத்தானும் வேண்டாம். மோட்டார் உள்ளுக்குள் முனகிக்கொண்டே இருக்கும். பார்க்கிறவர் கண்ணுக்குத் தறி நின்றிருக்கும். உண்மையில் அது மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். கொட்டகையில் யாரும் விளக்கைப் பார்ப்பதில்லை. பாதி விளக்குகள் என்றைக்கோ எரிந்துபோனவை, மாற்ற ஆளில்லை. அவர்கள் தறியைத்தான் பார்ப்பார்கள். நின்ற தறி கடிக்காது.

தறி ஓட்டுகிற சிவகுமாருக்குத்தான் முதலில் தெரிந்தது. ஒரு நாள் தறி நின்றதும், இழை கோக்கிற சின்னக் கம்பியை உள்ளே விட்டார். அதே நேரம் பட்டறைப் பக்கம் நெட் சில நொடிகள் விட்டுப் போனது. துபாஷி நடந்தான். இழைகளை அடித்து நெருக்குகிற அச்சு வந்து கம்பியைப் பிடுங்கிக்கொண்டது. சிவகுமார் கையை உதறிக்கொண்டு நின்றார். விரலில் ஒரு கீறல்கூட இல்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று சொல்லி, கொட்டகை சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தது.

அன்று சாயங்காலம் அண்ணி சாப்பாட்டுத் தட்டோரம் அந்தக் கம்பியைக் கொண்டுவந்து வைத்தாள். பிழிந்துபோட்ட முறுக்கு மாதிரி சுருண்டிருந்தது.

"உன் துபாஷி மென்னு துப்பனது, பாத்துக்க" என்றாள் அண்ணி, சிரித்துக்கொண்டே.

மதிவதனி தட்டைத் தள்ளிவிட்டுக் கம்பியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். மறுநாள் காலையில் கோபிநாத்திடம் போய், அந்த வரியைப் பழையபடி மாற்றிவிடுகிறேன் என்றாள். அவர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னார்: இன்னும் கொஞ்ச நாள்தான், தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டால் டீபக்கரையே கழற்றிவிடலாம், அதுவரைக்கும் மறுபடி அந்த மனுஷன் வாயில் விழ என்னால் முடியாது. அவரைக் கேட்காமலே மாற்றியிருக்கலாம். ஒரு வரியை யார் பார்க்கப் போகிறார்கள்? அவள் மாற்றவில்லை. அதற்குப் பதிலாகக் கொட்டகைக்குப் போய், சாப்பாட்டு நேரத்தில் எல்லாரையும் நிறுத்தி வைத்துச் சொன்னாள். விளக்கு எரியாமல் தறி நின்றால் எனக்குப் போன் போடுங்கள். நான் சரி என்று சொன்ன பிறகுதான் முடிச்சு. சிலர் தலையாட்டினார்கள், சிலர் கொட்டாவி விட்டார்கள். பச்சையம்மாள் மட்டும் எழுந்து நின்று, "எங்க நாத்தனா சொல்றா, காதுல வாங்கிக்கங்க. போன் போட்டுட்டுத்தான் முடிச்சி" என்று அதட்டினாள். அந்தக் கொட்டகையில் அந்த விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்ததும் அவள் ஒருத்திதான்.

அப்புறம் பட்டறைத் தெருவில் சாக்கடைக்குப் பள்ளம் தோண்டினார்கள், நெட் கேபிள் அறுந்தது. சரி செய்ய ஆள் வருவான் வருவான் என்று நாள் போயிற்று. மதிவதனி தன் போனிலிருந்தே லேப்டாப்புக்கு நெட் எடுத்தாள். பழைய போன். யாராவது கூப்பிட்டால் நெட் படுத்துவிடும், பேசி முடித்தால்தான் எழுந்திருக்கும். கால் வருகிறபோதெல்லாம் அவள் சலித்துக்கொள்வாள். சலிப்பைத் தாண்டி அதைப் பற்றி யோசிக்கவில்லை. கை வைக்கும் முன் போன் போடுங்கள் என்று ஊருக்குச் சொன்னவள், அந்தப் போன் வந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. இத்தனைக்கும் போன், லேப்டாப் ரெண்டும் அவள் மேஜைமேலேயே இருந்தன, சுருண்ட கம்பிக்குப் பக்கத்தில்.

அந்தக் காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அன்னத்தின் கண் வருகிற வரியில் அவள் காவல் போட்டு வைத்திருந்தாள். துபாஷி அந்த வரிக்கு வந்து நின்றான். அவன் மடியில் இருந்த எண்களைப் பார்த்தாள். ஒன்று மட்டும் இருக்க வேண்டிய அளவை விடக் கூடுதலாக இருந்தது. எப்படிக் கூடும்? மேலே போய்ப் பார்த்தாள், கீழே வந்து பார்த்தாள். சட்டென்று விளங்கியது. காலையில் ஒரு இழை அறுந்திருந்தது. இழை அறுந்தால் சிவகுமார் தறியைச் சில வரிகள் பின்னுக்குத் தள்ளி, நெய்ததைப் பிரித்து, மறுபடி ஓட்டுவார். எல்லாத் தறியிலும் செய்கிறதுதான். தறி பின்னுக்குப் போனது, துபாஷியும் பின்னுக்குப் போனான், ஆனால் எத்தனை வரி முடிந்தது என்ற எண்ணிக்கை மட்டும் பின்னுக்குப் போகவில்லை. பிரித்த வரிகளையும் சேர்த்து எண்ணிவிட்டு, கண் போட்டாயிற்று என்று துபாஷி தாண்டிப் போயிருக்கிறான். பட்டறையில் இழை அறுவதில்லை. அதனால்தான் அங்கே எந்தப் பறவையும் குருடாகவில்லை.

அவளுக்கு உடம்பெல்லாம் சந்தோஷம். எத்தனை நாள் தூக்கம், எத்தனை பேர் வாயில் விழுந்தது, எல்லாம் இந்த ஒரு எண்ணால். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று மனசு துடித்தது. சரியாக அப்போது போன் அடித்தது. திரையில் 'அண்ணி' என்று வந்தது. இதைவிட நல்ல நேரத்தில் யாரும் யாரையும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள் என்று நினைத்தாள்.

அங்கே கொட்டகையில் நடந்தது இதுதான். தறி நின்றதைப் பச்சையம்மாள் பார்த்தாள். விளக்கைப் பார்த்தாள், எரியவில்லை. அச்சுக்குப் பக்கத்தில் ஒரு இழை பிசிர் பிசிராகப் பிரிந்து, இதோ அறுந்துவிடுவேன் என்று நின்றது. அறுந்து முனை உள்ளே போய்விட்டால் தேடி எடுப்பதற்குள் மதியமாகிவிடும். எந்த முடிச்சுக்காரியும் முதலில் செய்வது முனையைப் பிடிப்பது, மற்றதெல்லாம் அப்புறம். அவள் வலது கை தானாக உள்ளே போய் அந்த இழையைக் கிள்ளிப் பிடித்தது. பிடித்ததோடு நிறுத்திக்கொண்டாள், முடிச்சுப் போடவில்லை. நாத்தனார் சொல்லியிருக்கிறாளே. இடது கையால் இடுப்பிலிருந்து போனை எடுத்தாள்.

போன் அடித்ததுமே நெட் படுத்துவிட்டது. தோளைப் பிடித்திருக்கிற கை போய்விட்டதா, இல்லை சும்மா இருக்கிறதா என்று பார்க்க, துபாஷி சில நொடிகள் காத்திருப்பான். அதுவும் அவள் எழுதியதுதான். மதிவதனி போனைக் காதில் வைத்தபோது அந்த நொடிகள் இன்னும் மிச்சம் இருந்தன. ஒரு வார்த்தை சொல்லப் போதும். ரெண்டு வார்த்தைக்கும் போதும்.

"அண்ணி, அன்னத்தோட கண்ணு கெடச்சிடுச்சி. எங்க போச்சின்னு கண்டுபுடிச்சிட்டேன்" என்றாள்.

பின்னால் மற்ற தறிகளின் இரைச்சல். அண்ணி சிரிப்பது கேட்டது. "அப்டியா. நான்தான் சொன்னேன்ல, நீ புடிச்சிடுவேன்னு. இங்க தறி நின்னுகினு கீது மதி, வெளக்கு எரியல. இழைய புடிச்சிகினு இருக்கேன். முடிச்சி போடட்டா?"

மதிவதனியின் கண் லேப்டாப்புக்குப் போனது. இணைப்பு இல்லை, ஓட்டம் தொடர்கிறது. அவளே எழுதிய எழுத்து, அவளே தேர்ந்தெடுத்த நிறம். கையை எடு என்று சொல்ல வாயைத் திறந்தாள். பாதி சொல் வந்திருக்கும்.

போனில் வந்த சத்தத்தை அவள் அதற்குப் பிறகு யாரிடமும் சொன்னதில்லை. அண்ணியின் போன் கீழே விழுந்தும் அழைப்பு அறுபடவில்லை. சிவகுமார் கத்துவதும், ஒவ்வொரு தறியாக நிற்பதும், கடைசியில் கொட்டகை முழுக்க அமைதியாவதும் அவள் காதில் விழுந்துகொண்டே இருந்தது. அவள் அதை அணைக்கவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை. கோபிநாத் வந்து கையிலிருந்து போனைப் பிடுங்கினார்.

பரசுராமன் தன் காரிலேயே பச்சையம்மாளை வேலூருக்குக் கொண்டுபோனார். பின்சீட்டெல்லாம் ரத்தம், அவர் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. அந்த ஆளைப் பற்றி எது சொன்னாலும் இதையும் சொல்லிவிட வேண்டும். ஆஸ்பத்திரியில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் பிழைத்தன. நடுவில் இருந்தவை போய்விட்டன. செய்யாறு ஷிப்டிலிருந்து யூனிபார்மோடு ஓடிவந்த அன்பரசு, தங்கச்சியைப் பார்த்து எப்படி ஆச்சு என்று ஒரே ஒரு தடவை கேட்டான். அவள் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. அவன் எழுந்துபோய் வராந்தா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான், திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலாம் போல இருந்திருக்கும்.

கோபிநாத்தும் வந்தார். ஆப்பிள் வாங்கி வந்தார். விளக்கு எரியாமல் இருக்கும்போது இவங்க எதுக்குக் கை வெச்சாங்க என்று மெதுவாக ஆரம்பித்தார். மதிவதனி அவரைப் பார்த்த பார்வையில் ஆப்பிள் பையை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அன்றைக்கே அவள் அந்த வரியை மாற்றினாள். ஆஸ்பத்திரி வராந்தாவில், தரையில் உட்கார்ந்து, அதே லேப்டாப்பில். லைன் போனால் நில். யார் கத்தினாலும் நில். மாற்ற எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்காதீர்கள், அதை நினைத்தால் ஆத்திரம்தான் வருகிறது.

மயக்கம் தெளிந்த மறுநாள் அண்ணி வலது கையில் போட்டிருந்த கட்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று மதிவதனி எதிர்பார்த்தாள். அழவில்லை.

"அந்தப் பறவைக்கு கண்ணு வந்திச்சா?" என்று கேட்டாள்.

"வந்திச்சி அண்ணி."

"பொண்ணுக்கு நல்லபடியா நடக்கட்டும்."  அப்புறம் முகம் மாறியது. "அதே பெட்டிதானே மத்த கொட்டகைலயும் கீது? அங்கல்லாம் இன்னா பண்ணி வெச்சிகிற?"

மதிவதனிக்கு அப்போதுதான் உறைத்தது. லைன் போனால் ஓடு என்று கோபிநாத் சொன்ன நாளிலிருந்து பட்டறையை விட்டுப் போன எல்லாப் பெட்டியிலும் அந்த வரி இருந்தது. டீபக்கரும் இருந்தது, யாரும் கூப்பிடாவிட்டாலும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு. நெட்டில் வழி தவறி வருகிற ஏதாவது ஒன்று தட்டினால்கூடத் தறி நின்றுவிடும், தட்டியது போய்விட்டால் தானே ஓடும். அவள் மாற்றியது பரசுராமன் தறியில் மட்டும்தான்.

அன்றிலிருந்து பென் டிரைவை எடுத்துக்கொண்டு கொட்டகை கொட்டகையாகப் போகிறாள். ஆரணிக்குள் பலர் பெட்டியைத் தொட விட்டார்கள், சேதி தெரிந்தவர்கள். பெட்டியில் ஏதோ கோளாறு என்று வெளியே பேச்சு வரக்கூடாது என்பதற்காகச் சிலர் விட்டார்கள். சிலர் விடவில்லை. ஓடுகிற தறியை எதற்கு நிறுத்த வேண்டும், சீசன் முடியட்டும், பார்க்கலாம் என்றார்கள். எந்தப் பெட்டி கைமாறி எந்த ஊருக்குப் போனது என்று கோபிநாத்துக்கே தெரியாத பெட்டிகளும் உண்டு. அவள் கேட்டுக் கேட்டுப் போகிறாள். பேப்பர் கப்பில் டீ கொடுக்கிறார்கள், குடிக்கிறாள்.

போன வாரம் வந்தவாசி ரோட்டில் திருமலை என்பவரின் கொட்டகைக்குப் போனாள். திருமலை நல்ல மாதிரி, உட்காரச் சொன்னார், ஆனால் பெட்டியைத் தொடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். ஜல்தியாக முடிய வேண்டிய ஆர்டராம். எழுந்திருக்கவும் மனசில்லாமல், கெஞ்சவும் வாய் வராமல் அவள் உட்கார்ந்திருந்தாள். அப்போது கோடியில் இருந்த தறி நின்றது. சிவப்பு விளக்கு எரிகிறதா என்று எட்டிப் பார்த்தாள். அந்தத் தறியில் விளக்கே இல்லை, விளக்கு இருந்த ஓட்டை மட்டும் இருந்தது. இழை அறுந்து நிற்கிறதா, பெட்டி நிறுத்தி வைத்திருக்கிறதா, யாருக்குத் தெரியும்?

அவள் எழுவதற்குள் ஒரு பெண் ஓடி வந்தாள். புதுசாக வேலைக்குச் சேர்ந்தவள் போல, காதில் இன்னும் கல்யாணத் தோடு. ஓடி வந்த வேகத்திலேயே வலது கை உள்ளே போகப் பார்த்தது. மதிவதனி பாய்ந்துபோய் அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். கண்ணாடி வளையல் ஒன்று உடைந்து விழுந்தது. அந்தப் பெண் திடுக்கிட்டு, பிறகு இவள் தறியைப் பார்த்திராத டவுன்காரி என்று நினைத்துச் சிரித்தாள்.

"வுடுங்க மேடம். நின்ன தறி கடிக்காது."

கொட்டகையில் எல்லாரும் பார்த்தார்கள். திருமலை நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார், என்னம்மா இது என்றார். தறி நின்றபடியே இருந்தது. மதிவதனி அந்தக் கையை விடவில்லை.